சும்மா கிடக்கும் பத்து ஏக்கர்

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கத்துக் கிராமம் எனக்கு. முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். வாழிடம், உயிர்ச்சமூகம், சூழல் மண்டலம் ஆகியவற்றை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மாதிரி வரையறுக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? ஐந்திணைதான் உலகின் முதல் சூழலியல் வகைப்பாடு என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். சரிதானா?

பி.கு.: எங்கள் ஊரில் சும்மா கிடக்கும் பத்து ஏக்கர் தரிசில் வரும் ஐப்பசி மழைக்கு 2,000 மரக்கன்றுகள் நடப்போகிறோம். வாழ்த்துங்கள்.

ச.

*

அன்புள்ள ச.,

வாழ்த்த மாட்டேன். காரணம் பிறகு.

ஓர் உயிர் வாழும் இடம் அதன் வாழிடம். ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிர்கள் அத்தனையும் உயிர்ச்சமூகம். அதோடு மண், நீர், வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் சூழல் மண்டலம். 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் டான்ஸ்லி கொண்டுவந்த கருத்து அது. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஐந்திணை பாட்டுக்கு வகுத்த இலக்கணம், நிலம் அளக்கப் போனவர்கள் போட்ட பட்டியல் அல்ல. 'உலகின் முதல்' பட்டம் இல்லாவிட்டால் அதற்கு ஒரு குறைச்சலும் இல்லை. பேராசிரியரிடம் பணிவாகவே சொல்லுங்கள்.

இனி அந்தப் பத்து ஏக்கர். சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? ஓரத்தில் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப்புல் இருக்கிறதா? இருந்தால் அது கொறங்காடு, நம் கொங்கு நாட்டு மேய்ச்சல் காடு, அம்மணி. காங்கேயத்துப் பிள்ளை அதைத் தரிசு என்று எழுதலாமா? தாவரவியல் வேறு படிக்கிறீர்கள்!

எங்கள் அப்பாருக்கு ஒரு கொறங்காடு இருந்தது. சரளை மண், மானாவாரி. உழுது விதைத்தால் போட்ட விதை திரும்பி வராது. ஆனால் மாடும் செம்மறியும் அதில்தான் பிழைத்தன. காட்டை வேலியால் பல துண்டாகத் தடுத்திருந்தார். ஒரு துண்டில் புல் குட்டையானதும் படலைத் திறந்து அடுத்ததற்கு ஓட்டிவிடுவார். மேய்ந்த துண்டு அடுத்த முறை வரும்வரை ஓய்வெடுக்கும். கோடையில் புல் கருகித் தூர் மட்டும் மிஞ்சும்போது வெள்வேல் நெற்று உதிரும். ஆடுகளை அது காப்பாற்றும். அந்த வெள்வேலையும் இஷ்டத்துக்கு வளரவிட மாட்டார். நிழல் கூடினால் புல் போய்விடும் என்று நெருங்கி நின்றதை வெட்டிவிடுவார். வேலியில் சந்து விழுந்தால் மழைக்காலத்தில் ஒரு கிளுவைப் போத்தை வெட்டிச் செருகுவார், அதுவே வேர் பிடித்துக்கொள்ளும். மழை இறங்கிச் சில நாளில் செத்துக் கிடந்த தூரெல்லாம் துளிர்க்கும். பிறகு நாய்வால் மாதிரி மயிரடர்ந்த கதிர் வரும். உள்ளங்கையில் வைத்து உருவினால் சொரசொரக்கும். டவுசர் முழுக்க அது ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆத்தாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

இதை எந்தப் பெட்டியில் போடுவது? காடும் அல்ல, விவசாயமும் அல்ல. தானாய் வந்ததும் அல்ல, முழுக்க மனிதர் செய்ததும் அல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதத்தையாவது மர விதானம், அதாவது இலைக்கூரை, மூடியிருந்தால் காட்டுப் பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வியே கிடையாது. அதனால் தென்னந்தோப்பும் அதில் சேரும். வெள்வேல் கலைந்து நிற்கும் கொறங்காடு, விதானம் 10 சதவீதத்தை எட்டாவிட்டால், சேராது. போன வாரம்தான் மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன், 2019 பதிப்பு. நாட்டில் 5.58 கோடி ஹெக்டேர் தரிசாம், ஏறத்தாழ 17 சதவீதம். புதர்நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் அதற்குள் அடக்கம். காட்டு வகைகளுக்கு இன்றும் கைக்கொள்ளும் 1968ஆம் ஆண்டின் சாம்பியன் - சேத் பட்டியலிலும் தென்னிந்திய முட்புதருக்குச் 'சீரழிவு நிலை' என்றுதான் குறியீடு. நிலமென்றால் மரமாகத்தான் முடிய வேண்டும், முடியாவிட்டால் அதற்கு ஏதோ கேடு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சல் இங்கேதான்.

நீலகிரியில் இந்தக் கணக்கின் விளைவைப் பார்த்தோம். சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளியைக் 'காலி இடம்' என்று வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் தைலமரமும் நட்டார்கள். 1993இல் அங்குள்ள சதுப்பு மண்ணின் கரிமத்தை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிந்தது. அதற்குள் வரையாடும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையும் தங்கள் இடத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தன. இப்போது அதே வாட்டிலைப் பிடுங்கச் செலவழிக்கிறார்கள்.

உங்கள் நல்ல மனசு தெரிகிறது. கையில் கடப்பாரையோடு கிளம்பும் பிள்ளைகளைத் திட்ட எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் புல்லில் வானம்பாடியும் கௌதாரியும் தரையிலேயே முட்டையிடும். அங்கே 2,000 குழி தோண்டினால் என்ன ஆகும்? கன்று பிழைத்தாலும் நிழல் விழுந்து புல் போகும், பிழைக்காவிட்டால் குழி மட்டும் இருக்கும்.

மழை பெய்து பதினைந்து நாள் கழித்து அந்தப் பத்து ஏக்கரில் ஒரு சதுர மீட்டரைக் கயிறு கட்டி, உள்ளே எத்தனை வகைப் புல், பூண்டு என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஆடு மேய்ப்பவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், உங்கள் நூல்களில் இல்லாத பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்கிவிட்ட கன்றுகளைப் பள்ளிக்கூடத்திலும் சாலை ஓரத்திலும் நடலாம், தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்கும். பேராசிரியர் கோபித்துக்கொண்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஐந்திணைக்கும் சேர்த்து என்னிடமே சண்டைக்கு வரட்டும்.

அன்புடன்.