வாசகர் கேள்வி–பதில்: வீட்டில் வாசிக்கப் பழைய பாணி கிட்டார் ஆம்ப்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கிட்டார் வாசிக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. 1960-களின் ஃபெண்டர் ஆம்ப்களில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளில்) கேட்கும் கணீரென்ற தெளிவான ஒலியும், அதன் பின்னால் எதிரொலி போல மெல்லத் தொடரும் ரிவெர்பும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் வாங்கலாம் என்று இருந்தேன். 22 வாட் வீட்டுக்கு மிக அதிகம், 5 வாட்டே போதும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நண்பர்களின் அக்கறை சரி, கணக்குதான் சரியில்லை. வாட் ஏறும் அளவுக்கு உரப்பு ஏறுவதில்லை. காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் மின்திறன் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும், அதாவது பத்து டெசிபல் ஏற வேண்டும். அந்தக் கணக்குப்படி 22 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு டெசிபலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் கிட்டார் ஸ்பீக்கர்கள் சர்வசாதாரணமாகக் கிடைக்கின்றன. நாம் உட்கார்ந்து பேசும் பேச்சோ 60 டெசிபல் அளவில்தான் இருக்கும். ஆகவே 5 வாட் என்ன, ஒரு வாட் ஆம்பைக் கூட முழுதாகத் திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அழைப்பு மணியை அழுத்துவார். வாட்டைக் குறைத்து வாங்கினால் அமைதியை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. வாங்கிய முதல் வாரத்திலேயே அது கலைந்துவிடும்.

இந்த ஆம்ப்கள் இவ்வளவு உரக்க ஒலிப்பதற்குக் காரணம் அவை பிறந்த காலம். இன்றுள்ளது போன்ற பெரிய மேடை ஒலிபெருக்கி அமைப்புகள் அன்று இல்லை. கிட்டாரின் ஒலி அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டுமானால், வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஆம்ப்தான் அதைச் செய்தாக வேண்டும். இங்கிலாந்தில் வாக்ஸ் நிறுவனம் 15 வாட் ஏசி-15-க்கு அடுத்து 30 வாட் ஏசி-30-ஐக் கொண்டுவந்ததும், கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் 85 வாட் ட்வின் ரிவெர்ப் வரை போனதும் இந்தத் தேவையால்தான். வீட்டில் பழகுவதற்கென்று ஃபெண்டர் விற்றது 5 வாட் சேம்ப். அதில் ஒற்றை 6வி6 வால்வு (மின் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்த எளிய பெட்டி. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-இல் மயாமியில் ஒலிப்பதிவு செய்தபோது அந்தப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார் என்பதைப் பின்னாளில் பலரும் வியந்து பேசினார்கள். வியக்க ஒன்றுமில்லை, மைக்கை ஸ்பீக்கருக்கு ஓர் அங்குல தூரத்தில் வைத்துவிட்டால் அரங்கை நிரப்பும் வேலை ஆம்புக்கு இல்லை.

எனவே எத்தனை வாட் என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒலி ஆம்பின் எந்தப் பகுதியில் உருவாகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது. தெளிவான ஒலியை விரும்புகிறவருக்குப் பாதிச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது. அந்த ஒலியில் கிட்டாரின் சிக்னலை முதலில் பெருக்கும் முதல்நிலை வால்வுகளும், டோன் சுற்றும், ஸ்பிரிங் ரிவெர்பும்தான் முக்கியமாக வேலை செய்கின்றன. குறைந்த வால்யூமிலும் அவை வேலையை நிறுத்துவதில்லை. கரகரப்பை விரும்புகிறவருக்குத்தான் ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளும், அவற்றை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் சேர்ந்து திணற வேண்டும். அந்தத் திணறலுக்கு உரப்பு தேவை. உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் முதல் வகை என்று தெரிகிறது. 5 வாட் சேம்ப் வகையை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அதில் ரிவெர்ப் கிடையாது. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினாலே தெளிவு உடையத் தொடங்கும். எட்டு அங்குல ஸ்பீக்கரில் அடித்தந்திகளின் கனமும் போதாது.

டீலக்ஸ் ரிவெர்பில் குறை வேறு மாதிரி. அதில் மாஸ்டர் வால்யூம், அதாவது மொத்த உரப்பை மட்டும் தனியாகக் குறைக்கும் குமிழ், கிடையாது. உங்கள் அறைக்குத் தேவையான உரப்பு முழுவதும் குமிழின் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையில் அடங்கிவிடும். ஒரு மயிரிழை திருப்பினால் ஒலி குதிக்கும். வாழ முடியாத குறையல்ல, ஆனால் தினமும் எரிச்சலூட்டும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது பிரின்ஸ்டன் ரிவெர்ப் வகை. அதே குடும்பம், அதே 6வி6 வால்வுகள் இரண்டு, 12 வாட் அளவு, பத்து அங்குல ஸ்பீக்கர், ரிவெர்ப், ஒலியை அலைபோல் ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ. டீலக்ஸில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் என்பதால் அடிநாதம் அகலமாக இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அந்த அகலமே தொல்லையாக மாறக்கூடும். மேடைக்கும் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் டீலக்ஸை யோசியுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் வால்யூமை ஐந்தில் வைத்து வாசித்துக் காட்டுவார். நன்றாகத்தான் இருக்கும், எல்லா ஆம்பும் ஐந்தில் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்குக் குறைத்து வைத்து, அங்கேயே இருபது நிமிடம் வாசியுங்கள். அந்த அளவில் தந்தியை மெல்லத் தொட்டதற்கும் அழுத்தி மீட்டியதற்கும் வேறுபாடு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது உங்கள் வீட்டுக்கு உரியது.

வாங்கிய பின் அதைத் தரையில் வைக்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கரின் மேல்ஸ்தாயி ஒலி நேர்க்கோட்டில்தான் பாயும். தரையில் வைத்தால் அது முழங்காலைத் தாண்டிப் போய்விடும். காதுக்கு மங்கலாகக் கேட்பதால் நீங்கள் ட்ரெபிளையும் வால்யூமையும் ஏற்றிக்கொண்டே போவீர்கள். அடிநாதமோ தரை வழியே கீழ்வீட்டின் கூரைக்கு இறங்கும். ஓர் உறுதியான நாற்காலியின் மேல், சற்றுப் பின்சாய்த்து, சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். பின்பக்கம் திறந்த பெட்டி என்பதால் அந்த இடைவெளி முக்கியம். அறை மூலையில் வைத்தால் அடிநாதம் வீங்கும். நாற்காலியில் ஏற்றியதுமே வால்யூம் குமிழ் தானாகக் கீழே இறங்குவதைக் காண்பீர்கள்.

கேள்வி: எனக்குப் பிடித்தது 1960-களின் பிரிட்டிஷ் ராக் கரகரப்பு. அது வால்வு ஆம்பை உரக்க வைத்தால்தான் வரும் என்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப் வாங்கலாமா, அல்லது அட்டெனுவேட்டர் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சொல்லும் ஒலியின் வேர் லண்டன் ஹேன்வெல்லில் ஜிம் மார்ஷல் நடத்திய இசைக்கருவிக் கடை. ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை முன்மாதிரியாக வைத்து 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஜேடிஎம்-45 என்ற ஆம்ப் உருவானது. அதிலும் மாஸ்டர் வால்யூம் இல்லை. பவர் வால்வுகளைத் திணறவைக்காமல் அந்தக் கரகரப்பைப் பெற அன்று வழியுமில்லை.

மாஸ்டர் வால்யூம் முதல்நிலை வால்வுகளைத் திணறவிட்டு, பவர் வால்வுகளுக்குப் போகும் அளவைக் குறைக்கிறது. கரகரப்பு கிடைக்கும், ஆனால் அது சற்றுச் சலசலப்பான, மெல்லிய கரகரப்பு. நீங்கள் தேடுவது அதில் பாதிதான். அட்டெனுவேட்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, பவர் வால்வுகள் தரும் மின்திறனின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. வால்வும் ட்ரான்ஸ்ஃபார்மரும் உண்மையாகவே உழைப்பதால் ஒலி மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஆம்பின் ஓம் அளவும் (மின்தடையின் அளவு) அட்டெனுவேட்டரின் ஓம் அளவும் பொருந்த வேண்டும், 8 என்றால் இரண்டும் 8. ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக மின்திறனை ஏற்கும் சரியான லோடோ இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். பவர் வால்வுகள் எப்போதும் முழு உழைப்பில் இருப்பதால் சீக்கிரம் தேயும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் மிகவும் குறைத்தால் எந்த அட்டெனுவேட்டரும் மங்கலாகவே கேட்கும். அதற்குக் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. உரப்பு குறையக் குறைய மனிதக் காது அடிநாதத்தையும் உச்சநாதத்தையும் நடுநாதத்தைவிட வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து வெளியிட்ட செய்தி இது. அதோடு ஸ்பீக்கரின் கூம்பும் அசையவே அசையாது. இரவு பத்து மணிக்குச் சென்னை அடுக்குமாடியில் 1966-ஆம் ஆண்டின் ஒலியை முழுதாக எந்தப் பெட்டியும் தராது.

ஆகவே உங்களுக்கு நான் வால்வையே பரிந்துரைக்கவில்லை. வால்வு ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வால்வு ஆம்பின் நடத்தையை மின்னணுவில் போலச்செய்யும் டிஜிட்டல் ஆம்ப்கள் இந்த அளவில் அதைவிட நிறைவு தருகின்றன. எடுத்துக்காட்டாக, 2019-இல் ஃபெண்டர் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்பின் பின்பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை ஆறு நிலைகள். வால்யூமை ஏழில் வைத்துக் கரகரப்பைப் பெற்றுக்கொண்டு, திருகைக் கடைசி நிலைக்குக் கொண்டுபோகலாம். எடையும் வால்வு வடிவத்தின் பாதியளவுதான். உங்கள் பிரிட்டிஷ் சாயலுக்கு அதன் முன்னால் கரகரப்பைக் கூட்டும் ஓர் ஓவர்டிரைவ் பெடல் வேண்டியிருக்கும். பகலில் வாசிக்கும் வாய்ப்பு வந்தால் வாக்ஸ் ஏசி-10 அல்லது ஏசி-15 பக்கம் பாருங்கள். இஎல்-84 வால்வுகளின் அந்த மினுமினுப்பை இன்னும் எந்தச் சிப்பும் முழுதாகப் பிடித்ததாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், 1960-களைச் சேர்ந்த அசல் ஃபெண்டர் ஒன்றை அங்கிருந்து கொண்டுவருவதாகச் சொல்கிறார். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. முதலில் மின்சாரம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடேறும்.

அதைவிடப் பெரிய விஷயம் எர்த். அந்தக் கால ஆம்ப்கள் இரண்டு பின் வயரோடு வந்தவை. மின்கம்பி ஒன்றுக்கும் உலோகச் சேஸிஸுக்கும் (உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் சட்டத்துக்கும்) நடுவில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது பழுதாகிக் கசிந்தால் சேஸிஸில் மின்சாரம் ஏறும். கிட்டாரின் தந்திகள் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக அந்தச் சேஸிஸோடுதான் இணைந்திருக்கின்றன, அதாவது வாசிப்பவர் ஆம்பின் சேஸிஸைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அந்தக் கப்பாசிட்டரை எடுத்துவிட்டு மூன்று பின் வயர் போடுவதுதான் முதல் வேலை. போட்ட பின், மலிவான ஸ்டெப்-டவுன் பெட்டியில் செருகினால் மூன்றாவது பின் பல சமயம் வெறும் துளையில் நிற்கும், எர்த் சுவர் வரை போய்ச் சேராது. எர்த் தொடர்ச்சி உள்ள பெட்டியா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

அடுத்து, அறுபது வயதான எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருக்கும். ஆம்ப் சும்மா இருக்கும்போதே கனமாக ஹம் என்ற இரைச்சல் கேட்டால் அதுவே முதல் சந்தேகம். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், வீட்டில் திறந்து பார்க்கும் ஆர்வம் வேண்டாம். வால்வுக் கருவிகளில் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், அதே ஆம்பின் 230 வோல்ட் மறுபதிப்பை இங்கேயே வாங்குவது நல்லது.

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. அதை கிட்டார் ஆம்பாக மாற்ற முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எண்ணம் விசித்திரமானதல்ல. வாக்ஸில் உள்ள இஎல்-84 பல பழைய ரேடியோக்களிலும் ஒலியைப் பெருக்கிய வால்வுதான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்தது. ஆனால் பின்பலகையைக் கழற்றி, அதில் மெயின் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்த செட்களில் அது இருக்காது. யூஎல்-84 போல வால்வின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அந்த வகை. அவற்றின் சேஸிஸ் நேராக வீட்டு மின்கம்பியோடு இணைந்தது. அதில் கிட்டாரைச் செருகினால் தந்தியைத் தொடுவதும் பிளக்குக்குள் விரலை விடுவதும் ஒன்றே, உயிர் போகும். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் என்றால், மூன்று பின் வயரும் புதுக் கப்பாசிட்டர்களும் போட்டு, கிட்டாரின் மெல்லிய சிக்னலுக்கு முன்னால் ஒரு ப்ரீ-ஆம்ப் பெடலும் வைத்து வாசிக்கலாம். ரேடியோவின் பின்பக்கத்தில் கிராமபோன் பிக்கப்புக்கென்று விட்டிருக்கும் துளைதான் நுழைவாயில். ஒலி மங்கலாக, வட்டமாக வரும். வால்யூமை ஏற்றினால் அந்தப் பழைய ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துவிடும் என்பதால், ஸ்பீக்கரையாவது தனியாகப் புதிதாக வாங்கிப் பொருத்துங்கள். ரேடியோவின் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஏற்ற ஓம் அளவை மெக்கானிக்கே சொல்வார்.