கோழி ஈரலில் சுண்ணாம்பு பூச்சா?

கேள்வி: 10 வாரக் கோழிகள் மூன்று அடுத்தடுத்துச் செத்தன. அறுத்துப் பார்த்தால் இதயம், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. முட்டைக்கோழித் தீவனம்தான் போடுகிறோம். இது என்ன நோய்?

பதில்: அது சுண்ணாம்பு அல்ல, யூரேட் உப்பு. கோழி தன் புரதக் கழிவை யூரிக் அமிலமாகச் சிறுநீரகம் வழியே வெளியேற்றும் (எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான்). சிறுநீரகம் கெட்டால் அது ரத்தத்தில் ஏறி உறுப்புகளின் மேல் படிந்துவிடும்.

விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று பொடியாக வந்தால் யூரேட். மஞ்சளாக, ஆடைபோல் உரிந்தால் ஈ.கோலை கிருமியாக இருக்கலாம்.

எனக்கு முதல் சந்தேகம் உங்கள் தீவனத்தின் மேல்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். வளரும் கோழிக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிச்சத்தை வெளியேற்றப் போராடியே சிறுநீரகம் பழுதாகிறது. இன்றே வளர்பருவத் தீவனத்துக்கு மாற்றுங்கள். அடைத்துக்கொண்ட தண்ணீர் நிப்பிளும் இதே கேட்டைச் செய்யும், ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். இதற்கு மருந்து என்று நினைத்துச் சோடா உப்பை நீங்களாகத் தண்ணீரிலோ தீவனத்திலோ கலக்காதீர்கள்.

அதன் பிறகும் சாவு நிற்காவிட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும் ஐபி வைரஸ் (கோழிகளின் மூச்சுக்குழல் அழற்சிக் கிருமி), தீவனப் பூஞ்சை நஞ்சு இரண்டையும் சோதிக்க வேண்டும். உறுப்பை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒரு துண்டைத் தூய ஆல்கஹாலில் போடுங்கள். வழக்கமாக உறுப்பைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் உள்ள நீரில் யூரேட் கரைந்து, நுண்ணோக்கியில் வெறும் ஊசி வடிவ இடைவெளிதான் தெரியும்.