அந்த டாக்குமெண்டரி பார்த்ததுல இருந்து பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பவே பயமா இருக்குதுங்க

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம்ங்க. பேர் போட வேணாம், ஈரோடு பக்கம்னு மட்டும் போட்டுக்கங்க. எனக்கு 33 வயசு, ஒரே பொண்ணு, ரெண்டாங்கிளாஸ் படிக்கறா. இதை ஒரு பிரச்சனைன்னு எழுதவே கூச்சமா இருக்குது, ஏன்னா எனக்கு எதுவுமே நடக்கலை, நடந்தது வேற யாருக்கோ, அதுவும் 2004ல, அப்ப நானே ஸ்கூல் போயிட்டிருந்த பொண்ணு.

கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்து பத்தி யூடியூப்ல ஒரு டாக்குமெண்டரி பார்த்தேன். 94 பிள்ளைங்க. தீ எப்படி பிடிச்சுதுன்னு அதுல கொஞ்சம்தான் வருது, அந்த அப்பா அம்மாங்க இப்ப எப்படி இருக்காங்கங்கறதுதான் மீதி முழுக்க. ஒரு வீட்ல பையனோட இன்னொரு செட் யூனிஃபார்மை பீரோல மடிச்சபடியே வெச்சிருக்காங்க. ஒரு அப்பா கேஸ் நடந்த வருஷமெல்லாம் வேலையை விட்டுட்டு வாய்தாவுக்கு வாய்தா தஞ்சாவூர் கோர்ட்டுக்கு போயிட்டு வந்தேன்னு சொல்றாரு. இன்னொரு அம்மா, அன்னிக்கு காலைல வயிறு வலிக்குதுன்னு சொன்னான், நாந்தான் பொய் சொல்றான்னு திட்டி அனுப்பிச்சேங்கறாங்க. சொல்லிட்டு அழக்கூட இல்லைங்க, சும்மா அப்படியே பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. அந்த இடத்துல எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க அக்கா, அன்னிக்கு அழ ஆரம்பிச்சது இன்னும் நிக்கலை, குழம்பு தாளிக்கறப்ப வருது, வண்டி ஓட்டறப்ப வருது.

எங்க வீட்டுக்காரரும் கூடத்தான் பார்த்தாரு, பாதிலயே எந்திரிச்சு போயிட்டாரு. நான் இங்க தேம்பிட்டிருக்கேன், அவரு கிச்சன்ல கேஸ் டியூப்பை திருப்பித் திருப்பி பார்த்துட்டிருக்காரு! அப்புறம் வந்து இதையெல்லாம் எதுக்கு பார்க்கறேன்னாரு, அவ்வளவுதான். எங்க அத்தை, ஊர்ல நடக்காததா நடந்துபோச்சுங்கறாங்க. கல்லு மாதிரி மனசு இவங்களுக்கெல்லாம்.

இப்ப மத்தியானம் ஆனா வண்டி எடுத்துட்டு ஸ்கூல் கேட் வரைக்கும் போய் பார்த்துட்டு வர்றேன். வாட்ச்மேன் கூட கேக்க ஆரம்பிச்சுட்டாரு. பாப்பா வயித்து வலின்னு சொன்னா உடனே லீவு போட்டுடறேன், அவளும் இதைக் கண்டுபிடிச்சுட்டா போல, கணக்கு டெஸ்ட் அன்னிக்கெல்லாம் கரெக்டா வயித்து வலி வருது. ஸ்கூல்ல ரெண்டு மாடிப்படி இருக்குதுங்க, அதுல ஒண்ணை எப்பவும் க்ரில் போட்டு பூட்டியே வெச்சிருக்காங்க. ஹெச்எம்கிட்ட கேட்டதுக்கு, உங்களுக்கு மட்டும் ஏம்மா இப்படி எல்லாம் தோணுதுன்னு சிரிச்சாங்க. எனக்கே நான் லூசாயிட்டேனோன்னு இருக்குது.

இன்னொண்ணு, இதை யார்கிட்டயும் சொல்லலை. அந்த அம்மா பேசிட்டிருக்கறப்பவே உள்ளுக்குள்ள, நல்லவேளை என் பிள்ளை பக்கத்துல தூங்குதுன்னு ஒரு நிம்மதி வந்துச்சு அக்கா. அவங்க அப்படி உக்காந்திருக்காங்க, எனக்கு நிம்மதி வருது, நான் என்ன ஜென்மம்? அதுக்கு பிராயச்சித்தம் மாதிரி திரும்பத் திரும்ப போட்டுப் பார்க்கறேன்.

வாட்ஸ்அப்ல துக்கத்துக்கு அஞ்சு கட்டம்னு வந்துச்சு, கடைசி கட்டம் ஏத்துக்கறதாம். 20 வருஷம் ஆகியும் இவங்க ஏத்துக்கலையே, அப்ப இவங்களுக்கு ஏதாவது வியாதியா? அந்த அம்மாவோட நம்பர் கிடைச்சா பேசணும், கையில இருக்கற கொஞ்சம் பணத்தை அனுப்பணும்னு இருக்குது. செய்யலாங்களா?

இப்படிக்கு,
ஈரோட்டில் இருந்து ஒரு தங்கை

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல்ல அந்த பூட்டின மாடிப்படியை பேசிடுவோம், ஏன்னா உங்க லெட்டர்லயே லூசுத்தனம் சுத்தமா இல்லாத இடம் அதுதான். கும்பகோணத்துல என்ன நடந்துச்சு? 2004 ஜூலை 16, ஆடி வெள்ளிக்கிழமை. சத்துணவு சமைக்கற இடத்துல பிடிச்ச தீ கீத்துக் கூரைக்கு தாவுது, மாடில நெருக்கியடிச்சு பிள்ளைங்க, இறங்கறதுக்கு குறுகலா ஒரு படி. தீயால மட்டும் 94 பேர் போகலைம்மா, வெளிய வர வழி இல்லாததாலதான் அத்தனை பேர். அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்ல பொதுநல வழக்கு போட்டு, 2009 ஏப்ரல்ல தீர்ப்பு வந்துச்சு, பாதுகாப்பான கட்டடத்துல படிக்கறதும் கல்வி உரிமையில சேர்ந்ததுதான், எல்லா ஸ்கூல்லயும் தீயணைப்புக் கருவி இருக்கணும், அதை எப்படி பிடிக்கறதுன்னு ஸ்டாஃபுக்கு தெரிஞ்சிருக்கணும்னு. அதனால ஹெச்எம் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுங்க, க்ரில் சாவி ஸ்கூல் நேரத்துல யார்கிட்ட இருக்கும், திறந்து வைக்க முடியுமா, கருவி எங்க இருக்குதுன்னு. இன்னும் ரெண்டு மூணு அம்மாக்கள் கையெழுத்து வாங்கிக்கங்க, தனியா போனாத்தான் உங்களுக்கு மட்டும் ஏன்னு கேப்பாங்க. பதில் வரலைன்னா தீயணைப்பு நிலையத்துலயும் கல்வி அதிகாரி ஆபீஸ்லயும் ஒரு மனு.

மத்தியானம் கேட்ல போய் நிக்கறது வேற சமாச்சாரம். அதனால பாப்பாவுக்கு ஒரு பாதுகாப்பும் கூடலை, உங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் நெஞ்சு இறங்குது, நாளைக்கு மறுபடி போகணும். பயம் அப்படித்தான் வேலை செய்யும், போய் பார்த்தா அடங்கும், அடங்கினதாலயே அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கேக்கும். ஒரே அடியா நிறுத்த வேணாம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்க, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, போகாத நாள்ல நெஞ்சு படபடன்னுதான் இருக்கும், இருக்கட்டும், சாயங்காலம் வேன்ல இருந்து பாப்பா இறங்கறப்ப தானா அடங்கும். வயித்து வலிக்கும் ஒரு ரூல் வைங்க. காய்ச்சல், வாந்தி, பேதி இருந்தா லீவு, இல்லைன்னா ஸ்கூல். கணக்கு டெஸ்ட்டுக்கு வர்ற வலிக்கு கணக்கு மிஸ்ஸைத்தான் பார்க்கணும்.

இப்ப அழுகைக்கு வர்றேன். நீங்க பார்த்தது ஒரு மணி நேரப் படம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள 20 வருஷத்தை நெருக்கி வெச்சிருக்காங்க, அதுலயும் அழற இடம், அழ முடியாம உக்காந்திருக்கற இடம், இதைத்தான் எடுத்திருப்பாங்க. படம் எடுக்கறவங்களை குத்தம் சொல்லலை, அவங்க வேலை அது. ஆனா அதே அம்மா அன்னிக்கு ஷூட்டிங் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போய் அரிசி களைஞ்சிருப்பாங்க, பக்கத்து வீட்ல ஏதோ சொல்லி சிரிச்சிருப்பாங்க, சீட்டுப் பணம் கட்டிருப்பாங்க. ஹாலந்துல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட்னு ரெண்டு மனவியல் ஆராய்ச்சியாளர்கள் 1999ல எழுதினது இதைத்தான், துக்கத்துல இருக்கறவங்க ஒரே பக்கமா போறதில்லை, இழப்புகிட்ட போறாங்க, அப்புறம் அன்னாட வேலைக்கு திரும்பி வர்றாங்க, மறுபடி போறாங்க, அந்த போயிட்டு வர்றதுதான் ஆளைத் தாங்குதுன்னு. உங்களுக்கு என்ன ஆச்சுன்னா, அவங்களோட வலி மட்டும் மொத்தமா வந்து இறங்கிருச்சு, 20 வருஷமா தாங்கித் தாங்கி அவங்க கத்துக்கிட்டது எதுவும் கூட வரலை. அதனாலதான் அவங்க கண்ணீர் இல்லாம சொன்ன இடத்துல நீங்க உடைஞ்சீங்க. அவங்க அந்த வார்த்தையை எத்தனை தடவை, எத்தனை பேர்கிட்ட சொல்லி சொல்லி அந்த இடத்துக்கு வந்திருப்பாங்க, நீங்க முதல் தடவை கேக்கறீங்க.

திரும்பத் திரும்ப பார்க்கறதை நிறுத்திடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்லை. 2013ல பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சப்ப அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க. அடுத்த ஒரு வாரம் தினம் 6 மணி நேரமோ அதுக்கு மேலயோ அந்தச் செய்தியையே பார்த்துட்டிருந்தவங்களுக்கு, வெடிச்ச இடத்துல இருந்தவங்களை விட அதிக மன அழுத்தம் இருந்துச்சு. நம்ப கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா திரும்பத் திரும்ப பார்க்கறதும் மனசை அந்த அளவுக்கு அழுத்தலாம். முக்கியமா ராத்திரி, பாப்பாவைப் பக்கத்துல போட்டுட்டு பார்க்காதீங்க.

பிராயச்சித்தம்னு எழுதியிருந்தீங்க. எதுக்கு? அந்த நிம்மதி உங்களைக் கேட்டுட்டா வந்துச்சு? அடுத்தவங்க வீட்டு தீயைப் பார்த்ததும் நம்ம பிள்ளை எங்கன்னு தேடறதுதான் தாய்க்கு முதல்ல வரும். அன்னிக்கு கும்பகோணத்துலயே ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன அத்தனை பேர்ல, பிள்ளை உசுரோட கிடைச்சவங்களுக்கு வந்திருக்காதா? பக்கத்துல நின்னவளுக்கு கிடைக்கலைன்னு தெரிஞ்சும் வந்திருக்கும். இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, அவருக்கும் அதே தோணியிருக்கும்னுதான் நான் நினைக்கறேன்.

அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. கல்லு மனசுன்னு எழுதிட்டு, அதுக்கு மேல் வரியிலேயே நீங்களே எழுதியிருக்கீங்க, தீ விபத்து படம் பார்த்துட்டு மனுஷன் நேரா போய் கேஸ் டியூப்பை பார்த்தாருன்னு. இதை விட என்ன வேணும்? சில பேருக்கு துக்கமும் பயமும் கண்ணு வழியா வரும், சில பேருக்கு கை வழியா வரும். நீங்க சொன்ன அந்த கோர்ட்டுக்குப் போன அப்பாவும் அந்த ரகம்தான். தீர்ப்பு வர 10 வருஷம் ஆச்சு, 2014 ஜூலை 30ல தஞ்சாவூர் கோர்ட் 10 பேருக்கு தண்டனை குடுத்துச்சு, 11 பேரை விட்டுருச்சு, 2017ல ஹைகோர்ட்ல இன்னும் குறைஞ்சுது. அந்த அலைச்சலைத்தான் அவரு அழுகைக்கு பதிலா பண்ணிட்டிருந்திருப்பாரு. அத்தை சொன்னதையும் அப்படியே எடுத்துக்காதீங்க, அந்த வயசுக்காரங்க பார்த்த சாவு நமக்குத் தெரியாது, எந்தப் பிள்ளையை நெனச்சு அப்படி சொன்னாங்களோ.

அஞ்சு கட்டம் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதை எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு மனநல டாக்டர் 1969ல எழுதினது, சாகப்போற நோயாளிங்களோட உக்காந்து பேசி அவங்க மனசைப் பத்தி எழுதினது. பிள்ளையைப் பறிகுடுத்த பெத்தவங்களுக்கு டைம்டேபிளா அதைப் பிடிக்கறது அபத்தம். ஏத்துக்கலைன்னு நீங்க எதை வெச்சு சொல்றீங்க, யூனிஃபார்மை வெச்சிருக்கறதையா? வருஷா வருஷம் ஜூலை 16 அன்னிக்கு அந்தப் பெத்தவங்க படத்தை வெச்சு பிள்ளைக்குப் பிடிச்ச தின்பண்டத்தை படைக்கறாங்க, சாயங்காலம் மகாமகக் குளத்துல மோட்ச தீபம் ஏத்தறாங்க. நம்ம வீட்ல தாத்தாவுக்கு திதி குடுத்தா யாராவது வியாதிங்கறோமா? பிள்ளை போனது அவங்களுக்கு உங்களை விட என்னை விட நல்லா தெரியும். போன பிள்ளைக்கும் அம்மாவா இருக்காங்க, அவ்வளவுதான். ராத்திரி பகல் தெரியாம, எந்த வேலையும் பண்ண முடியாம மாசக்கணக்கா கிடந்தா அது டாக்டர் பார்க்கற விஷயம்.

உங்களுக்கும் அதையே சொல்றேன். படத்தை நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு வாரத்துல தூக்கம் திரும்பலை, சாப்பாடு இறங்கலை, பாப்பாவை கண்ணை விட்டு அனுப்பவே முடியலைன்னா மனநல டாக்டரைப் பாருங்க, ஈரோடு ஜி.ஹெச்லயே கேளுங்க. ஆள் தெரியாம முதல்ல பேசிப் பார்க்கணும்னா 14416, டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

அந்த அம்மாவைத் தேட வேணாம். பேசணுங்கற ஆசை நல்ல ஆசைதான், ஆனா ஃபோன் பண்ணா நீங்க அழுவீங்க, அவங்க உங்களைத் தேத்தணும், அதுக்கு அப்புறம் அன்னிக்குப் பூரா அவங்களுக்கு எப்படி போகும்? பணமும் அப்படித்தான். பிள்ளை செத்ததுக்கு இவங்களுக்கு காசு கிடைச்சுதேன்னு வாய்க்கு வந்ததைப் பேசறவங்க எந்த ஊர்லயும் இருக்காங்க, நஷ்டஈடுங்கற பேச்சே அந்த வீடுங்கள்ல ரணமா இருக்கலாம், அதுல முன்னப்பின்ன தெரியாத இடத்துல இருந்து இன்னொரு தொகை. அந்தப் பணத்துக்கு ஒரு தீயணைப்புக் கருவி வரும், பாப்பா ஸ்கூல்ல இல்லைன்னா ஸ்கூலையே வாங்கச் சொல்லி கேளுங்க, அது அவங்க கடமை. பக்கத்துல ஏதாவது அங்கன்வாடி இருந்தா அங்க வேணா நீங்களே வாங்கிக் குடுங்க, குடுக்கறப்ப காலாவதி தேதியை ஒரு தடவை பார்த்துக்கங்க.

அன்புடன்,
அக்கா