ஷானியா ட்வைன்: சிவப்பு, பச்சை, நீலம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ட்ரக் ஓட்டுகிற வேலை, நீண்ட ஓட்டத்தில் கண்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புற இசை போடும் ரேடியோதான் துணை. அப்படித்தான் கனடாப் பாடகி ஷானியா ட்வைன் பிடித்துப்போனது. அவரின் 'அப்!' இறுவட்டு என்னிடம் இருக்கிறது. சிவப்பு, பச்சை என்று இரண்டு தட்டுகள். அண்மையில் லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன் அதே ஆல்பத்தைக் கொண்டுவந்தான். அவனுடையதில் சிவப்பும் நீலமும். நீலத்தைப் போட்டால் தபேலாவும் ஹிந்திப் படப் பாட்டு மாதிரி வயலினும்! கள்ளக் கொப்பி என்று நான் சிரித்தேன், இல்லை என்று அவன் அடித்துச் சொல்கிறான்.

என்னோடு வேலை செய்யும் ஒரு கனடாக்காரர், "கண்ட்ரியை நாசமாக்கினதே அவள்தான்" என்கிறார். சந்தைக்காக ஊர்ப்பாட்டை விற்றவர் என்பது சரியா? இன்னொன்று, இப்போது மேடையில் கேட்பது பழைய குரலே இல்லை, வேறு ஆள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் மனைவி.

க., ஸ்காபரோ

அன்புள்ள க.,

கள்ளக் காப்பி இல்லை. தம்பி சொல்வதுதான் சரி. 2002 நவம்பரில் வந்த அந்த ஆல்பத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. 19 பாட்டுகளும் மூன்றிலும் அவையேதான். சிவப்பு பாப், பச்சை கண்ட்ரி, நீலம் இந்திய வாத்தியங்கள் சேர்ந்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சிவப்பையும் பச்சையையும் போட்டார்கள், வெளிநாடுகளுக்குச் சிவப்பையும் நீலத்தையும். நீலத்தைச் செய்துகொடுத்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் துக்கல் என்ற சகோதரர்கள். வரிகள் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை, பின்னால் வாசிப்பது மட்டும் மாறியது. எனக்கு நீலம் அவ்வளவாகப் பிடிக்காது. மெட்டு கிட்டார் கார்டுகளை நம்பிக் கட்டியது. தபேலா அதில் தாளம் மட்டும் போட்டுவிட்டுப் போகிறது, பாட்டுக்குள் வருவதே இல்லை.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் அமெரிக்க ரேடியோவைத்தான் கைகாட்ட வேண்டும். அங்கே கண்ட்ரி நிலையம் வேறு, பாப் நிலையம் வேறு. விளம்பரதாரர் வேறு, தரவரிசைப் பட்டியலும் வேறு. சிந்தசைசர் தூக்கலாக இருந்தால் கண்ட்ரி நிலையத்தில் பாட்டு ஏறாது. கண்ட்ரிக்கே உரிய இழுவைச் சத்தத்தோடு ஸ்டீல் கிட்டார் அழுதால் பாப் நிலையத்தில் ஏறாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பதிவைச் செய்துவிட்டு, எங்காவது ஓடட்டும் என்று விடுவதுதான் வழக்கம். ட்வைனும் அவருடைய தயாரிப்பாளரும் அன்றைய கணவருமான ராபர்ட் ஜான் லாங்கும் அதற்கு உடன்படவில்லை. 1997 நவம்பரில் வந்த 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்திலேயே தொடங்கிவிட்டார்கள். வட அமெரிக்காவுக்கு ஃபிடிலோடு (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) ஒன்று, வெளிநாட்டுக்கு ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் அடக்கிவைத்த இன்னொன்று. உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகள் போயின. இதில் ஒரு வேடிக்கை, அமெரிக்காவின் பொது ஆல்பப் பட்டியலில் அது ஒரு வாரம்கூட முதலிடம் பிடிக்கவில்லை, இரண்டாமிடத்தோடு சரி.

உங்கள் நண்பரிடம் கண்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லின் பழைய கதை ஒன்றைச் சொல்லுங்கள். 1975-இல் கண்ட்ரி இசைச் சங்க விருது விழா. ஆண்டின் சிறந்த கலைஞரை அறிவிக்க மேடையேறியவர், முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கிய சார்லி ரிச். உறையைப் பிரித்தார், உள்ளே ஜான் டென்வர் பெயர். ரிச் பையிலிருந்து லைட்டரை எடுத்து, தொலைக்காட்சி நேரலையிலேயே அந்தச் சீட்டைக் கொளுத்தினார். டென்வர் கண்ட்ரிக்காரரே இல்லை என்பதற்கான எதிர்ப்பு என்று ஊரே பேசியது. போதையா நக்கலா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இதில் ரிச் யார்? இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வயலின்களும் கோரஸும் குழைத்த ஒரு காதல் பாட்டால் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்! இன்னும் பின்னால் போனால், ராக் அண்ட் ரோலுக்குப் பயந்து 50-களின் கடைசியிலேயே தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் ஃபிடிலைக் குறைத்து வயலின் குழுவைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று தூய கண்ட்ரி என்று எல்லாரும் கும்பிடுகிற பாட்ஸி கிளைனின் பாட்டுகள் அப்படிச் செய்தவைதான். நாசமாக்கியது யார் என்று தேடப்போனால் ட்வைன் பிறப்பதற்கு முன்பே போய் நிற்போம்.

ட்வைனுக்கும் விற்பதற்கென்று ஒரு தூய ஊர்ப்பாட்டு கையில் இருந்ததில்லை. ஒன்டாரியோவின் வடக்கே டிம்மின்ஸ் என்ற சுரங்க ஊரில் வளர்ந்தவர். வளர்ப்புத் தந்தை ஜெர்ரி ட்வைன் ஒஜிப்வே பழங்குடிக்காரர். வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, அடி உதை வேறு. எட்டு வயதில் அம்மா நடுராத்திரியில் தட்டி எழுப்பி பாருக்குக் கூட்டிப்போவார். மது விற்பனை நேரம் முடிந்த பிறகுதான் சிறுபிள்ளையை உள்ளே விடலாம் என்பதால் அந்த நேரம். மிச்சமிருக்கும் சரக்கைக் குடித்துக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளிகளுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். வீட்டு ரேடியோவில் கண்ட்ரி பாடும் டாலி பார்ட்டனும் கேட்டது, சோல் இசை பாடும் ஸ்டீவி வொண்டரும் கேட்டது. பள்ளி நாட்களில் ராக் குழுவில் பாடினார். வளர்ப்புத் தந்தையோடு காட்டில் மரக்கன்று நடும் வேலைக்கும் போனார். 1987-இல் பெற்றோர் இருவரும் கார் விபத்தில் இறந்துபோக, தம்பி தங்கைகளை வளர்க்க ஹன்ட்ஸ்வில்லில் ஒரு விடுதியில் மேடைப் பாடகி ஆனார். அங்கே எல்லா வகைப் பாட்டும் பாடித்தான் ஆக வேண்டும்.

1993-இல் வந்த முதல் ஆல்பத்தில் எழுத்தில் அவர் பங்கு ஒரே பாட்டில்தான், மற்றதெல்லாம் நாஷ்வில் கொடுத்தது. ஓடவில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் லாங் போன் செய்தார். ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் குழுக்களின் பெரிய ராக் ஆல்பங்களைச் செய்தவர் அவர். அந்த வருஷமே கல்யாணம். 1995-இல் 'த வுமன் இன் மீ'. அதில் 'எனி மேன் ஆஃப் மைன்' பாட்டை ட்ரக்கில் நல்ல சத்தம் வைத்துக் கேளுங்கள். அடியில் விளையாட்டரங்கில் கூட்டம் காலால் தரையை உதைப்பது போன்ற ட்ரம், அது முழுக்க ராக். அதற்கு மேலே ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் மாறி மாறிப் பதில் சொல்லும். முடிவில் கிராமத்து நடனத்தில் அடவு சொல்லிக்கொடுப்பது போல அவர் அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டே போவார். இரண்டு உலகமும் ஒரே பாட்டில் முட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன.

அந்த ஆல்பத்துக்கு அவர் கச்சேரிச் சுற்றுப்பயணமே போகவில்லை. உடனே, இந்தக் குரல் ஸ்டுடியோவில் செய்த பொம்மை, மேடையில் நிற்காது என்று பேச்சு கிளம்பியது. உடையில் தொப்புள் தெரிவதைப் பற்றியும் பேசினார்கள், அதை விடுங்கள். 1998 மேயில் முதல் பெரிய சுற்றுப்பயணத்தை அவர் தொடங்கிய இடம் ஒன்டாரியோவின் சட்பரி, டிம்மின்ஸுக்குத் தெற்கே. அதோடு பொம்மைப் பேச்சு அடங்கிப்போனது.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் நண்பர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபிடில் போனது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை, டிம்மின்ஸ் போனதுதான் இழப்பு. கண்ட்ரிப் பாட்டில் ஒரு ஊர் இருக்கும், ஒரு அப்பா இருப்பார், செய்த வேலையும் பட்ட கடனும் இருக்கும். 'கம் ஆன் ஓவர்' பாட்டுகளில் பெரும்பாலும் 'நீ', 'நான்' மட்டும்தான். எந்த நாட்டில் யார் கேட்டாலும் தன் கதையாகப் பொருத்திக்கொள்ளலாம், விற்பனைக்கு அது நல்லது. பாரில் நின்ற சிறுமியும் மரக்கன்று நட்ட பெண்ணும் அதில் இல்லை. கணவனிடம் அடிவாங்கியவள் வெளியேறும் 'பிளாக் ஐஸ், ப்ளூ டியர்ஸ்' போன்ற ஒன்றிரண்டில்தான் பழைய வீடு எட்டிப்பார்க்கிறது. 'த வுமன் இன் மீ'யின் கடைசிப் பாட்டு 'காட் பிளெஸ் த சைல்ட்' பெற்றோர் இறந்த துக்கத்தில் எழுதியது. ஆல்பத்தில் வாத்தியமே கிடையாது, தனிக்குரல். அதைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக வெளியிட்டபோது கோரஸும் வாத்தியங்களும் சேர்த்து நிரப்பிவிட்டார்கள். நியாயமாகக் கோபப்பட வேண்டுமென்றால் நான் அங்கேதான் படுவேன்.

பின்னால் வந்தவர்களுக்கு ட்வைன் போட்ட வழி வசதியாகிவிட்டது. 2008-இல் டெய்லர் ஸ்விஃப்டின் 'லவ் ஸ்டோரி'யும் பாப் ரேடியோவுக்கென்று தனி மிக்ஸோடு போனதுதான்.

குரல் விஷயத்தில் உங்கள் மனைவியின் காது கூர்மையானது. 2003-இல் உண்ணி கடித்து ட்வைனுக்கு லைம் நோய் வந்தது. குரல்நாணுக்குப் போகும் நரம்புகள் பழுதாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் கட்டுப்பாட்டை விட்டுப் போனது. காரணம் நோய்தான் என்று தெரியவே பல வருஷம் ஆயிற்று. இடையில் மணமுறிவும் வந்தது. 2017-இல் லாங் இல்லாமல், எல்லாப் பாட்டையும் தானே எழுதி 'நவ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 2018-இல் கழுத்தைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மழைக்கோட்டு தைக்கிற கோர்டெக்ஸ் பொருளை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது குரல் கனத்து, கீழே இறங்கி, ஓரத்தில் லேசாகக் கரகரக்கிறது. 2022-இல் கோச்செல்லா இசை விழாவில் பாப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸோடு பாடியபோது பழைய பாட்டுகளை அந்தக் கனத்தோடுதான் பாடினார். எனக்கு அது பிடித்திருந்தது. இந்தக் குரலில், பக்கவாத்தியம் அதிகமில்லாமல், டிம்மின்ஸைப் பற்றி ஒரு முழு ஆல்பம் செய்தால் முதல் நாளே வாங்குவேன்.

அன்புடன்.