கேள்வி – பதில்: தொழில் தெரிந்த குரு தத்

குரு தத் என்றாலே சோகம், தோல்வி, தனிமை என்றுதான் எழுதுகிறார்கள். அவருடைய கலை வாழ்க்கை முழுவதுமே அப்படித்தானா?
(வாசகர், திருவல்லிக்கேணி)

இல்லை. இந்திப்பட இயக்குநரும் நடிகருமான அவரது நூற்றாண்டை ஒட்டி வந்த கட்டுரைகள் பலவும் ‘பியாசா’ (1957), ‘காகஸ் கே பூல்’ (1959) ஆகிய இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரை அளந்துவிட்டதால் வந்த தோற்றம் அது. 1925 ஜூலை 9 அன்று பெங்களூரில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, அல்மோராவில் உதயசங்கரின் கலை மையத்தில் நடனம் பயின்று, புனேயின் பிரபாத் பட நிறுவனத்தில் நடன அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அங்கே நண்பரான தேவ் ஆனந்தோடு செய்துகொண்ட வாய்மொழி ஒப்பந்தம் பிரசித்தமானது: தேவ் ஆனந்த் படம் தயாரித்தால் குரு தத் இயக்க வேண்டும், குரு தத் இயக்கினால் தேவ் ஆனந்த் நடிக்க வேண்டும். அந்த வாக்கின்படி தேவ் ஆனந்தின் நவ்கேதன் நிறுவனத்துக்காக அவர் முதன்முதலில் இயக்கிய ‘பாஸி’ (1951), சூதாட்ட விடுதியைச் சுற்றி நடக்கும் குற்றக் கதை. அதில் சோக காவியத்தின் சாயல் ஏதும் கிடையாது.

அதற்குப் பிறகு டாக்ஸி ஓட்டுநராக நடித்து இயக்கிய ‘ஆர் பார்’ (1954), கார்ட்டூன் ஓவியராக வந்த ‘மிஸ்டர் அண்ட் மிசஸ் 55’ (1955), உதவியாளர் ராஜ் கோஸ்லாவை இயக்க வைத்துத் தாம் தயாரித்த ‘சி.ஐ.டி.’ (1956) என வரிசையாக ஓடிய படங்கள்தாம் ‘பியாசா’வை எடுக்கும் துணிவையும் வசதியையும் அவருக்குத் தந்தன என்பது என் கருத்து. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, நீண்ட முன்னிசை எதுவும் இல்லாமல், பாத்திரம் பாட்டுக்குள் நழுவிவிடும் அவரது பாணி இந்தக் கலகலப்பான படங்களில் பழகியதுதான். பம்பாயில் பேருந்து நடத்துநராக இருந்த நகைச்சுவை நடிகருக்கு ஜானி வாக்கர் என்று பெயர் சூட்டியவரும் குரு தத்தே. அத்தனை கசப்பான ‘பியாசா’விலும் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவராக வரும் ஜானி வாக்கருக்கு ஒரு முழுப் பாட்டை ஒதுக்கினார். படம் பார்க்க வருபவர் எந்த இடத்தில் இளைப்பாற வேண்டும் என்பதை அறிந்தவரின் கணக்கு அது.

‘காகஸ் கே பூல்’ இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். தமிழில் ‘ராஜராஜ சோழன்’ அந்த அகலத் திரையில் வந்தது 1973இல்தான் என்பதை நினைத்தால் அந்தத் துணிவின் அளவு விளங்கும். கீதா தத் பாடிய ‘வக்த் நே கியா’ பாடலில் இருண்ட படப்பிடிப்புத் தளத்தின் குறுக்கே விழும் ஒளித்தூண், வெளியே அடித்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் உள்ளே திருப்பி ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி உண்டாக்கியது. மைசூர்க்காரரான அவருக்கு 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. ஒளிப்பதிவாளர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. படமோ வசூலில் படுத்தது. அதன்பின் இயக்குநர் என்று குரு தத் தம் பெயரை எந்தப் படத்திலும் போட்டுக்கொள்ளவில்லை.

வஹீதா ரஹ்மான் நம் செங்கல்பட்டில் பிறந்தவர் என்கிறார்களே, உண்மையா? குரு தத்தின் கண்ணில் எப்படிப் பட்டார்?
(வாசகி, தாம்பரம்)

உண்மைதான். 1938இல் செங்கல்பட்டில் பிறந்தவர். தெலுங்கு ‘ரோஜுலு மாராயி’ (1955) படத்தில் அவர் ஆடிய நடனம் ஆந்திரத்தையே கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஐதராபாத் சென்றிருந்த குரு தத், அவரைச் சந்தித்துப் பின்னர் ‘சி.ஐ.டி.’யில் நடிக்க வைத்தார். தமிழில் அவரை ‘காலம் மாறிப்போச்சு’ படத்திலும், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் ‘சலாம் பாபு’ பாட்டிலும் காணலாம்.

தமிழ்ப்பட இயக்குநர்களிடமும் குரு தத் நடித்திருக்கிறார் என்று என் தாத்தா சொல்வார். அவ்வளவு பெரிய இயக்குநர் அடுத்தவர் படத்தில் ஏன் நடிக்க வேண்டும்?
(வாசகர், வடபழனி)

தங்கள் தாத்தா சொன்னது சரியே. கே. சங்கர் இயக்கிய ‘பரோசா’ (1963), டி. பிரகாஷ் ராவ் இயக்கிய ‘பஹுராணி’ (1963), கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘சுஹாகன்’ (1964) ஆகிய மூன்று இந்திப் படங்களில் அவர் நாயகன். ‘ஆலயமணி’யின் இயக்குநர், ‘உத்தமபுத்திர’னின் இயக்குநர், ‘கற்பக’த்தின் இயக்குநர் என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு உடனே புரியும். ‘சுஹாகன்’ நம்முடைய ‘சாரதா’வின் (1962) மறு ஆக்கம்; எஸ்.எஸ். ராஜேந்திரன் ஏற்ற பாத்திரம் இந்தியில் குரு தத்துக்குப் போயிற்று. ‘பஹுராணி’யின் கதை தமிழில் ‘பெண்ணின் பெருமை’யாக வந்ததுதான், ஜெமினி கணேசன் நடித்த அப்பாவிக் கணவன் வேடத்தை அவர் செய்தார்.

ஏன் நடித்தார் என்பதற்கு என் விடை எளியது. அவர் சொந்தமாக ஒரு பட நிறுவனத்தை நடத்தியவர். ‘காகஸ் கே பூல்’ கையைச் சுட்ட பிறகு ‘சௌத்வீன் கா சாந்த்’ (1960) பெருவெற்றி பெற்று அவரைத் தூக்கிவிட்டாலும், மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டிய முதலாளிக்கு வெளிப்படங்களின் ஊதியம் வேண்டாததாக இருந்திருக்காது. இதில் அவருக்கு இழுக்கு எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. குடும்பக் கதைகளை உருக்கமாக எடுப்பதில் கைதேர்ந்த நம் இயக்குநர்களின் படங்களில் அவர் அடக்கமாகவே நடித்திருக்கிறார், குறிப்பாக ‘பஹுராணி’யில். ‘சுஹாகன்’ வந்த அதே 1964இல், அக்டோபர் 10 அன்று, 39 வயதில் பம்பாயில் அவர் காலமானார். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்த அந்த மரணம் தற்செயலா அல்லவா என்பதில் அவரை அறிந்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதைக் கிளறிக்கொண்டிருப்பதால் படங்களைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் விளங்கப் போவதில்லை.

‘சாகிப் பீபி அவுர் குலாம்’ படத்தை உண்மையில் இயக்கியவர் யார்?
(வாசகி, பெரம்பூர்)

குரு தத் தயாரித்து நடித்த இந்தப் படத்தை அவரே இயக்கினார் என்ற பேச்சு உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள பெயர் அப்ரார் ஆல்வி. சிறந்த இயக்குநருக்கான பிலிம்பேர் விருதும் அவருக்கே வழங்கப்பட்டது. பாடல் காட்சிகளை மட்டும் குரு தத் எடுத்ததாக ஆல்வியே சொல்லியிருக்கிறார். ‘ஆர் பார்’ முதல் குரு தத்துக்கு வசனம் எழுதியவர், அவர் கூடவே இருந்து காட்சி அமைப்பைக் கற்றவர் என்பதால் சாயல் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஆல்வி சொன்னதையே நான் ஏற்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்குக் குரு தத்தை அறிமுகம் செய்ய எந்தப் படத்தில் தொடங்கலாம்?
(வாசகர், அடையாறு)

‘மிஸ்டர் அண்ட் மிசஸ் 55’. பெண்ணுரிமை பற்றிய அதன் பார்வை இன்று பழசாகத்தான் படும். அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதுபாலாவின் குறும்பும் ஓ.பி. நய்யாரின் இசையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ‘பியாசா’வை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.