ஆவணி: கேட்டவையும் சொன்னவையும்

பத்திரம் எழுதுவது என் தொழில். பழைய பத்திரங்களின் தேதியைப் படித்துச் சொல்வது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆவணி பிறக்கப் போகிறது, மாதப் பெயர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணாச்சி, ஆவணி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? (சேரன்மகாதேவி)

நட்சத்திரத்திலிருந்து. பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதன் பெயரை மாதத்துக்கு வைத்தார்கள். சித்திரை, வைகாசி, கார்த்திகை எல்லாம் அப்படி வந்தவைதான். நாம் திருவோணம் என்கிற நட்சத்திரம் வடமொழியில் சிரவணம். அதை ஒட்டிய மாதம் சிராவணம். பிராகிருதத்தில் அது சாவணம் ஆனது. தமிழுக்கு வரும்போது முன்னால் நின்ற சகரம் கழன்று ஆவணி ஆயிற்று.

சகரம் கழல்வது ஏதோ ஒரு சொல்லில் நடந்த விபத்து இல்லை. சமணரைத் தேவாரம் அமணர் என்றும் சொல்கிறது. சந்தி அந்தியானது. சஹஸ்ரம் உருமாறி நம் ஆயிரம் ஆனது. ஓணமும் இதே சிரவணத்திலிருந்து வேறொரு வழியாக வந்ததுதான். ஆக ஆவணியும் ஓணமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். துளுக்காரர்கள் இதே மாதத்தைச் சோண என்கிறார்கள். அங்கே சகரம் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

'ஆ' என்றால் பசு. பசுவை அணி செய்யும் மாதம் ஆவணி என்று படித்தேனே? (தாழையூத்து)

இல்லை. மாட்டுக்கு நாம் அணி செய்வது தையில்.

வடக்கே சாவன் என்கிறார்களே, அதுவும் ஆவணியும் ஒன்றுதானா? (திருநெல்வேலி டவுன்)

பெயர் ஒன்று, மாதம் வேறு. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது: பெயரைப் பார்த்து மாதத்தை நிர்ணயிக்காதீர்கள், சூரியன் எந்த ராசியில் இருக்கிறது என்று பாருங்கள்.

நம் ஆவணி, சூரியன் சிம்மத்தில் இருக்கும் மாதம். ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கும். மலையாளத்தில் ராசிப் பெயரையே மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள், அதனால் சிங்ஙம். இந்திக்காரர்களின் சாவன் நிலாவை வைத்துக் கணக்கிடுவது. ஆஷாடப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி ரக்ஷாபந்தன் பௌர்ணமியில் முடிந்துவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் சிராவணம் அமாவாசை கழிந்துதான் தொடங்கும், அதாவது பதினைந்து நாள் பிந்தி.

வங்காளத்தில் இன்னும் வேடிக்கை. அவர்களும் நம்மைப் போலச் சூரியனைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மேஷத்தில் சூரியன் நுழைந்ததும் நாம் சித்திரை என்கிறோம், அவர்கள் வைசாகம் என்கிறார்கள். அதனால் வருஷம் முழுக்க ஒரு மாதம் தள்ளியே நிற்கும். அவர்களுடைய 'ஸ்ராபொன்' நமக்கு ஆடி.

ஆவணி அவிட்டம் ஏன் சில வருஷம் ஆடியிலேயே வந்துவிடுகிறது? (பாளையங்கோட்டை)

மேலே சொன்னதுதான் காரணம். அது சிராவணப் பௌர்ணமியை ஒட்டியது, நம் மாதமோ சூரியனுடையது. 2024இல் ஆகஸ்ட் 19, ஆவணிக்குள் வந்தது. 2025இல் ஆகஸ்ட் 9, ஆடியிலேயே முடிந்துவிட்டது.

தாத்தா பத்திரத்தில் 'கொல்லம் 1098 வைகாசி' என்று இருக்கிறது. 825 கூட்டினால் 1923 வருகிறது. சரிதானே? (அம்பாசமுத்திரம்)

சரி. கொல்லம் ஒரு பழைய ஆண்டுக் கணக்கு. வைகாசி என்பதால் தப்பித்தீர்கள். ஐப்பசி என்றிருந்தால் அதே 1098க்கு 1922தான் வரும். கொல்லம் ஆண்டின் எண் நம் பக்கம் ஆவணி முதல் தேதியில் மாறும். ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டி, வாரிசு வழக்கில் ஒரு வருஷம் பிசகி, அப்புறம் என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. திருப்பிப் போடவும் இதே கணக்குதான்: கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16, அது கொல்லம் 975.

அப்படியானால் நம் சீமைக்கு வருஷப் பிறப்பு ஆவணி ஒன்றுதானே? சித்திரையை ஏன் கொண்டாடுகிறோம்? (செங்கோட்டை)

இதைப் பதில் எழுதி முடிப்பதற்குள் பாளையங்கோட்டைக்காரர் குறுக்கே வந்துவிட்டார்: "கொல்லம் மலையாளத்தான் கணக்கு. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரில் இருந்த ஊர், அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்." செங்கோட்டைக்காரர் விடவில்லை: "உங்கள் வீட்டுப் பத்திரத்திலும் கொல்லம்தானே இருக்கிறது, கிழித்துப் போடுங்களேன்." ஒரு நாகர்கோவில்காரர் ஓணத்தை இழுத்தார். அதற்குப் பிறகு வந்த பாதிக் கேள்விகள் கேள்விகளே இல்லை.

சரி, ஒவ்வொன்றாக. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குவது. திருவிதாங்கூருக்கு வெளியே இருந்த திருநெல்வேலிச் சீமையிலும் அதுதான் புழங்கியது, அதுவும் ஆவணி, புரட்டாசி என்று நம் மாதப் பெயர்களோடு. மலையாளிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. தெற்கே சிங்ஙத்தில் மாறிய எண், வடக்கே கன்னியில்தான் மாறியது. ஆகவே இதில் 'அவன் கணக்கு, இவன் கணக்கு' என்று பிரிக்க இடமில்லை. ஓணமும் அப்படித்தான், மதுரைக்காஞ்சியில் மாயோனுக்குரிய நன்னாளாக வருகிறது.

ஆனால் செங்கோட்டைக்காரர் சொல்வதும் பாதிதான் சரி. ஆவணியில் மாறுவது கொல்லம் எண். அறுபது வருஷப் பெயர் மாறுவது சித்திரையில். விசுவாவசு வருஷம் 2025 சித்திரையில் பிறந்தது. அதன் ஆடிக் கடைசி வரை கொல்லம் 1200, ஆவணி ஒன்றில் 1201. பழைய பத்திரத்தில் இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம், எனக்கு அது பெரிய வசதி. பண்டிகை என்று பார்த்தால் நம் ஊரில் சித்திரை விசுதான். பாபநாசத்தில் அதற்குத் திருவிழாவே உண்டு. குற்றாலத்தில் ஐப்பசி விசுவும் உண்டு. பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு உரிய பெயர் அது, வருஷம் பிறப்பதற்கு வைத்த பெயர் இல்லை.

இதற்கு மேல் இந்தச் சண்டையை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி: ஆ, பசு... (மானூர், களக்காடு, இன்னும் இருவர்)

மேலே பாருங்கள். மானூர்க்காரர் ஆவணி மூலத்துக்கு நெல்லையப்பர் உங்கள் ஊருக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தால் ஆசையாகப் பதில் சொல்லியிருப்பேன்.

ஆவணியில் பால் காய்ச்ச நல்ல நாள் சொல்லுங்களேன். (வள்ளியூர்)

ஜோசியரிடம் கேளுங்கள்.

ஆகஸ்ட் என்ற பெயர்? (பெயரும் ஊரும் போடாதவர்)

ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ். அதற்கு முன் செக்ஸ்டிலிஸ், ஆறாவது மாதம் என்று பொருள்.

கேரளக் காலண்டரில் சில மாதம் ஒரு நாள் முன்பின்னாக இருக்கிறதே, அச்சுப் பிழையா? (புளியரை)

பிழை இல்லை. சூரியன் ராசி மாறும் நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், முதல் தேதியை எந்த நாளில் வைப்பது என்பதில்தான் வேறுபாடு. நமக்கு அஸ்தமனத்துக்குள் மாறினால் அன்றைக்கே ஒன்று. அவர்களுக்குப் பகலில் பதினெட்டு நாழிகைக்குள், அதாவது மதியம் ஒன்றேகால் மணி வாக்குக்குள், மாறியிருக்க வேண்டும். பிந்தினால் மறுநாள். மூன்று மணிக்குச் சங்கராந்தி என்றால் புளியரையில் ஒன்றாம் தேதி, சோதனைச் சாவடி தாண்டி ஆரியங்காவில் முந்தின மாதத்தின் கடைசித் தேதி.

பத்திரத்தில் 'ஆனி 32' என்று தேதி போட்டிருக்கிறது. மாதத்துக்கு 32 நாள் உண்டா? கள்ளப் பத்திரம் என்கிறான் என் மச்சான். (கடையம்)

உண்டு. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனை விட்டு மிகத் தள்ளி இருக்கும், ஓட்டமும் மெதுவாக இருக்கும். அதனால் சூரியன் மிதுனத்தைக் கடக்க முப்பத்தொன்றரை நாளுக்கு மேல் ஆகும், பல வருஷம் ஆனி 32 வரை போகும். மார்கழி அதற்கு நேர் எதிர், பெரும்பாலும் 29 நாளிலேயே முடிந்துவிடும். மார்கழி 32 என்று எழுதியிருந்தால் மச்சானோடு சேர்ந்து சந்தேகப்படுங்கள். இப்போதைக்கு வருஷப் பெயரும் கொல்லம் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.