வாழைநார்க் காகிதத்தில் ஓட்டையும் மை பரவலும்

வாழைநாரில் காகிதம் செய்யும்போது நார் திட்டுத்திட்டாகத் திரள்கிறது, தாளில் ஓட்டை விழுகிறது, மை பரவுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மிக்சியை ஓரம் வையுங்கள். கத்தி நாரைக் குட்டையாக நறுக்கிவிடும். தாளுக்கு வலுவே நீள நாரும் அது நசுங்கிப் பிரிவதும்தான். மரச் சுத்தியலால் நாரை அடித்தால் போதும். கை வலிக்கும், வேறு வழியில்லை.

வெறும் தண்ணீரில் வேகவைத்ததாகச் சொல்கிறீர்கள். அது போதாது. காய்ந்த நார் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் சலவை சோடா சேர்த்து, இழுத்தால் நார் எளிதில் பிரியும்வரை வேகவையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

திரள்வதற்கு மருந்து வெண்டைக்காய். ஜப்பானில் வாஷி காகிதம் செய்பவர்கள் தொரோரோ-அஓய் என்ற செடியின் வேர்ப் பசையை, நார் மிதக்கும் தண்ணீர்த் தொட்டியில் கலப்பார்கள். அது வெண்டையின் நெருங்கிய உறவு. அந்த வழுவழுப்பு நாரை ஒட்டாமல் மிதக்கவிடும், தண்ணீரும் சல்லடையில் மெதுவாக வடியும். நான் நாலைந்து முற்றிய காய்களை நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். சூடாக்கினால் பசை நீர்த்துவிடும்.

மை பரவலுக்கு, காய்ந்த தாளில் நீர்த்த ஜெலட்டின் கரைசலை இருபுறமும் பூசுங்கள். அரிசிக் கஞ்சியும் ஓரளவு உதவும், ஆனால் பூச்சி வரும்; என் தாள் ஒரு கட்டு அப்படித்தான் போயிற்று.